சிறாருக்காகப் பேசுவோருக்குப் படியளப்பவர் யார்?

கடந்த ஆண்டு செய்முறைப் பயிற்சிக்காக ஒரு தொண்டு அமைப்பில் பத்து வாரங்கள் இருந்தேன். ஒரு நாள் காலை, நீதிமன்றக் கட்டடத்தின் நடைவழியில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் துணையாக உட்கார வைக்கப்பட்டேன். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிப்பவன். வீட்டில் அடி தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் செய்து மீட்கப்பட்டவன். அதிகாரி ஒருவர் வந்து அவன் முன் குனிந்து, அத்தை வீட்டில் இருக்க உனக்குச் சம்மதமா என்று மலாய்மொழியில் அன்பாகத்தான் கேட்டார். அவன் தலையாட்டினான். அதிகாரி குறித்துக்கொண்டு அடுத்த தொலைபேசி அழைப்புக்கு நகர்ந்தார். அதன் பிறகு அவன் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "அக்கா, அவங்க என்ன கேட்டாங்க?" என்றான்.

அந்தத் தலையாட்டல் எனக்குப் புதிதன்று. தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் சில மாதங்கள் நானும் அப்படித்தான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். புரிந்தது என்பதற்காக அல்ல. இதற்கு மேல் கேட்காதீர்கள் என்பதற்காக. ஆனால் என் தலையாட்டலால் போனது ஒரு வீட்டுப்பாடம் மட்டுமே. அவனுடைய தலையாட்டலில் அவன் எங்கே வளரப் போகிறான் என்பதே அடங்கியிருந்தது.

பயிற்சி முடிந்து திரும்பியதும் ஒரு கேள்வி என்னைத் தொடர்ந்து வந்தது. நீதிமன்றத்தில் அரசுக்கு ஆள் இருக்கிறார், பெற்றோருக்கு ஆள் இருக்கலாம், குழந்தைக்கு யார் இருக்கிறார்? இக்கேள்விக்கு நெடுநாளாக விடை தேடிவரும் நாடுகளுள் அமெரிக்காவும் ஒன்று. அங்கே மாநில அரசுகள் இதற்குப் பணம் ஒதுக்குகின்றன, மேற்பார்வையும் செய்கின்றன. அவர்களின் வெற்றி, தோல்வி இரண்டுமே நமக்குப் பாடமாக அமையக்கூடியவை. அவற்றை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறார் சார்பாளர் என்பவர் யார்?

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். குழந்தையின் பக்கம் நின்று பேசுபவரை 'வழக்கறிஞர்' என்று சொல்லிவிட முடியாது. ஏனெனில் அவர்களில் பலர் சட்டம் படித்தவர்கள் அல்லர். ஆகவே இக்கட்டுரையில் 'சிறார் சார்பாளர்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறேன். அமெரிக்காவில் இப்பணி மூன்று வடிவங்களில் நடைபெறுகிறது.

முதலாவது, நீதிமன்றத்துக்குள் ஒரு குறிப்பிட்ட குழந்தைக்காக நியமிக்கப்படுபவர். இரண்டாவது, கொடுமைக்கு ஆளான குழந்தையை விசாரிப்பதற்கென்றே அமைக்கப்பட்ட சிறார் சார்பு மையங்கள். மூன்றாவது, அரசின் சிறார் நல இலாகாவையே கண்காணிக்கும் மாநில அளவிலான அலுவலகம். இம்மூன்றுக்கும் பணம் வரும் வழி வேறு, கேள்வி கேட்பவரும் வேறு.

கயிறு கட்டிய பணம்

அமெரிக்காவில் குடும்பச் சட்டம் பெரும்பாலும் மாநிலங்களின் கையில் உள்ளது. ஒரு குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பது, வளர்ப்புக் குடும்பத்தில் சேர்ப்பது ஆகியவை மாநிலச் சட்டப்படி மாநில நீதிமன்றங்களில் முடிவாகின்றன. கூட்டரசு நேரடியாகக் கட்டளையிடுவதில்லை. அதற்குப் பதிலாக, 'இன்னின்ன நிபந்தனைகளை ஏற்றால் மானியம் தருகிறோம்' என்கிறது. கயிறு கட்டிய பணம் என்று இதைச் சொல்லலாம்.

1974-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சிறார் கொடுமைத் தடுப்பு மற்றும் சிகிச்சைச் சட்டம் இப்படிப்பட்ட ஒன்றுதான். மாநிலங்கள் இச்சட்டத்தின் கீழ் மானியம் பெற வேண்டுமானால், கொடுமை அல்லது புறக்கணிப்பு வழக்கு நீதிமன்றத்துக்குச் செல்லும்போது குழந்தைக்கென்று ஒரு சார்பாளர் நியமிக்கப்பட வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. அவரைக் 'கார்டியன் அட் லைட்டம்' என்ற இலத்தீன் பெயரால் அழைக்கிறார்கள். அந்த வழக்குக்கு மட்டும் பாதுகாவலர் என்பது அதன் பொருள்.

நிபந்தனை ஒன்று, ஆனால் 50 மாநிலங்களும் அதை நிறைவேற்றிய விதம் வெவ்வேறு. சில மாநிலங்கள் வழக்கறிஞரை நியமித்தன. சில, பயிற்சி பெற்ற தொண்டரை நியமித்தன. வேறு சில, இருவரையும் சேர்த்து நியமித்தன. இந்த வேறுபாட்டுக்குக் கொள்கை மட்டும் காரணமன்று. எதற்குச் செலவு குறைவு என்பதும் ஒரு காரணமே.

சியாட்டில் நீதிபதியின் யோசனை

தொண்டர் முறை வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில் நகரில் பிறந்தது. அங்குள்ள கிங் கவுண்டி நீதிமன்றத்தின் நீதிபதி டேவிட் சூக்கப், சிறு குழந்தைகளைப் பற்றிய முடிவுகளைப் போதிய தகவல் இல்லாமல் எடுக்க வேண்டியிருக்கிறதே என்று வருந்தினார். இலாகா அதிகாரி சொல்வதும் பெற்றோர் சொல்வதும் அவர் முன் இருந்தன. குழந்தையின் வீடு, பள்ளி, உறவினர் ஆகியவற்றை நேரில் பார்த்து வந்து சொல்ல ஒருவரும் இல்லை. பொதுமக்களுக்குப் பயிற்சி கொடுத்து அப்பணியில் அமர்த்தலாம் என்று அவர் முடிவு செய்தார். 1977-இல் திட்டம் தொடங்கியது. 'கோர்ட் அப்பாயிண்டட் ஸ்பெஷல் அட்வகேட்' என்ற அதன் பெயரைச் சுருக்கிக் 'காசா' என்கிறார்கள். 1982-இல் அதற்குத் தேசிய அமைப்பு ஒன்று உருவானது. 1990-ஆம் ஆண்டின் சிறார் கொடுமையால் பாதிக்கப்பட்டோர் சட்டம் அதற்குக் கூட்டரசின் ஆதரவையும் பெற்றுத் தந்தது.

காசா தொண்டர் ஒருவர் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு குழந்தையையோ ஒரே குடும்பத்துப் பிள்ளைகளையோ மட்டும் கவனிக்கிறார். தேசிய அமைப்பின் தரவிதிகளின்படி, பணியில் சேருமுன் 30 மணி நேரப் பயிற்சி பெற வேண்டும்; அவரது பின்னணி சோதிக்கப்பட வேண்டும். அவர் குழந்தையைச் சந்திக்கிறார், ஆசிரியரிடம் பேசுகிறார், மருத்துவக் குறிப்புகளைப் பார்க்கிறார், பிறகு நீதிபதிக்கு அறிக்கை எழுதுகிறார்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். தொண்டருக்குச் சம்பளம் இல்லை என்பதால் திட்டத்துக்கே செலவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. தொண்டரைத் தேர்ந்தெடுக்க, பயிற்சி கொடுக்க, அறிக்கையைத் திருத்த, மனம் தளரும்போது தாங்கிப் பிடிக்க, முழுநேரச் சம்பளத்தில் மேற்பார்வையாளர்கள் தேவை. ஒரு மேற்பார்வையாளரின் பொறுப்பில் 30 தொண்டர்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது தேசியத் தரவிதி. எனவே 300 தொண்டர்கள் என்றால் குறைந்தது 10 மேற்பார்வையாளர்களுக்குச் சம்பளம் வேண்டும். அந்தச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் மாநில அரசின் பங்கு தொடங்குகிறது.

மூன்று மாநிலங்கள், மூன்று வழிகள்

வட கரோலினா மாநிலம் 1983-இல் இப்பணியை நீதிமன்ற நிர்வாக அலுவலகத்தின் கீழ் வைத்தது. ஊழியர்கள் நீதித்துறையின் ஊழியர்கள். குழந்தைகளைப் பிரித்தெடுக்கும் சமூகநல இலாகாவுக்கும் அவர்களுக்கும் நிர்வாகத் தொடர்பு இல்லை. இது இம்முறையின் பலம். நீதித்துறையின் ஒதுக்கீடு குறைந்தால் இதுவும் குறையும் என்பது அதன் பலவீனம்.

புளோரிடா மாநிலமும் தொடக்கத்தில் நீதிமன்றங்களின் கீழ்தான் இதை வைத்திருந்தது. பிறகு 2003-இல் சட்டம் இயற்றி, மாநில அளவிலான தனி அலுவலகமாக மாற்றியது. வழக்கறிஞர்கள், ஊழியர்கள், தொண்டர்கள் ஆகிய மூன்று தரப்பினரும் அங்கே சேர்ந்து பணியாற்றுகின்றனர். மாநிலச் சட்டமன்றம் நேரடியாக நிதி ஒதுக்குகிறது.

டெக்சாஸ் மாநிலம் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. அங்கே ஒவ்வொரு வட்டாரத்திலும் தனித்தனித் தொண்டு அமைப்புகளே காசா திட்டத்தை நடத்துகின்றன. மாநிலத்தின் குடும்பச் சட்டத் தொகுப்பில் இதற்கென்றே ஒரு பகுதி உள்ளது. அதன்படி, மாநிலச் சுகாதார, மனிதச் சேவை ஆணையம் மாநில அளவிலான ஓர் அமைப்புடன் ஒப்பந்தம் செய்கிறது. பணம் அவ்வமைப்புக்குச் செல்கிறது. அது வட்டார அமைப்புகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. வட்டார அமைப்புகள் எஞ்சிய பணத்தைத் தாங்களே நன்கொடையாகத் திரட்ட வேண்டும். ஊர் மக்களின் பங்கேற்பு இதனால் மிகுகிறது. அதே வேளையில், வசதி படைத்த நகரத்துக் குழந்தைக்குக் கிடைக்கும் சார்பாளர் ஏழை மாவட்டத்துக் குழந்தைக்குக் கிடைப்பார் என்பதற்கு உறுதியில்லை.

ஒரே நாட்டில், ஒரே நிபந்தனையின் கீழ், மூன்று மாநிலங்கள் மூன்று பாதையில் செல்கின்றன. பணம் கொடுக்கும் இடத்திலிருந்தே மேற்பார்வையும் வருகிறது என்பதை மட்டும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும். யார் பணம் கொடுக்கிறாரோ அவரே கணக்குக் கேட்கிறார், எத்தனை குழந்தைகளுக்குச் சேவை செய்தீர்கள் என்று கேட்கிறார், தரவிதியை மீறினால் நிறுத்தவும் செய்கிறார்.

ஒரே வீட்டில் ஒரே முறை

இரண்டாவது வடிவம் 1985-இல் அலபாமா மாநிலத்தின் ஹண்ட்ஸ்வில் நகரில் தொடங்கியது. அங்கு மாவட்ட அரசு வழக்கறிஞராக இருந்த பட் கிரேமர் ஒரு கொடுமையைக் கவனித்தார். பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தை ஆசிரியரிடம் ஒரு முறை, காவலரிடம் ஒரு முறை, மருத்துவரிடம் ஒரு முறை, சமூகநல அதிகாரியிடம் ஒரு முறை, அரசு வழக்கறிஞரிடம் ஒரு முறை என்று அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் புண் புதிதாகிறது. சொல்லும் விதமும் சிறிது மாறிவிடுகிறது. அந்தச் சிறிய மாற்றத்தைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குழந்தை பொய் சொல்கிறது என்பார்.

இதற்கு மாற்றாக, அனைவரும் குழந்தை இருக்கும் இடத்துக்கு வர வேண்டும் என்பது கிரேமரின் யோசனை. அலுவலகம் போலன்றி வீடு போன்ற ஓர் இடம். பயிற்சி பெற்ற ஒருவர் மட்டுமே குழந்தையிடம் பேசுவார். காவலர், அரசு வழக்கறிஞர், சமூகநல அதிகாரி ஆகியோர் வேறிடத்திலிருந்து கவனிப்பார்கள். மருத்துவமும் மன ஆறுதலும் அந்த ஏற்பாட்டிலேயே அடங்கும். கிரேமர் பின்னர் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானார். இன்று அந்நாட்டில் இத்தகைய மையங்கள் 900-க்கும் மேற்பட்டு இருக்கின்றன. அவற்றின் தரத்தைச் சோதித்துச் சான்றளிக்கத் தேசிய அளவில் ஓர் அமைப்பு உண்டு. சான்றிதழ் இருந்தால்தான் மாநிலப் பணம் என்று விதித்திருக்கும் மாநிலங்களும் உள்ளன. மாநில அரசு தானே சோதிக்காமல், துறை அறிந்தவர்களின் சோதனையை ஏற்றுக்கொள்ளும் முறை இது.

குற்றவாளியின் அபராதத்தில் ஓடும் வண்டி

இம்மையங்களும் காசா திட்டங்களும் பெரிதும் நம்பியிருக்கும் நிதி ஒன்று உண்டு. 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் நிதி அது. இதில் வியப்பு என்னவென்றால், அது வரிப்பணம் அன்று. கூட்டரசு நீதிமன்றங்களில் தண்டிக்கப்படும் குற்றவாளிகள் கட்டும் அபராதமே அதன் முக்கிய வருமானம். பெரிய நிறுவனங்கள் கட்டும் அபராதமும் இதில் அடக்கம். ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு எடுக்கலாம் என்ற உச்சவரம்பை நாடாளுமன்றம் விதிக்கிறது. பணம் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஓர் இலாகா அதைத் திட்டங்களுக்கு வழங்கிக் கணக்குப் பார்க்கிறது. தனக்குக் கிடைக்கும் உதவி மானியத்தில் குறைந்தது 10 விழுக்காட்டைச் சிறார் கொடுமைக்கு ஆளானவர்களுக்கென்று மாநிலம் ஒதுக்க வேண்டும்.

கேட்பதற்கு நியாயமான ஏற்பாடு. குற்றம் செய்தவர் கட்டுகிறார், பாதிக்கப்பட்டவர் பெறுகிறார். ஆனால் இந்த நிதியின் ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். 2014-இல் உச்சவரம்பு 745 மில்லியன் டாலர். 2015-இல் அது 2.36 பில்லியன் டாலராக உயர்த்தப்பட்டது. 2018-இல் 4.4 பில்லியனைத் தாண்டியது. மாநிலங்கள் புதிய திட்டங்களைத் தொடங்கின, ஆள் சேர்த்தன. அதன் பிறகு சரிவு ஏற்பட்டது. 2024-இல் உச்சவரம்பு ஏறக்குறைய 1.35 பில்லியன் டாலர்தான்.

ஏன் இந்தச் சரிவு? குற்றம் குறைந்ததால் அன்று. பெரிய நிறுவனங்களின் மீது முழு வழக்கு நடத்தித் தண்டனை வாங்காமல், ஒப்பந்தம் செய்து பணம் கட்ட வைக்கும் வழக்கம் பெருகியது. அப்படிக் கட்டப்பட்ட பணம் இந்த நிதிக்கு வராமல் பொதுக் கருவூலத்துக்குச் சென்றது. 2021 ஜூலையில் சட்டத்தைத் திருத்தி அப்பணத்தையும் இந்நிதிக்கே திருப்பிவிட்டார்கள். ஆயினும் வற்றிய குளம் ஒரே மழையில் நிரம்பிவிடுவதில்லை. மாநில அரசுகள் சில தங்கள் வரவு செலவுத் திட்டத்திலிருந்து பணம் போட்டு ஓட்டையை அடைக்க வேண்டியதாயிற்று.

நியூயார்க்கில் ஒரு வங்கி அபராதம் கட்டுகிறதா, ஒப்பந்தம் செய்துகொள்கிறதா என்பதற்கும், ஏதோ ஒரு சிற்றூரில் ஏழு வயதுக் குழந்தையிடம் பேச ஆள் இருப்பாரா என்பதற்கும் தொடர்பு உண்டு என்பதை இதைப் படிக்கும் வரை நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

காவலுக்குக் காவல்

மூன்றாவது வடிவம் மிகவும் நுட்பமானது. அரசின் இலாகாவே தவறு செய்தால் யார் கேட்பது? புகார் வந்தும் அதிகாரி போய்ப் பார்க்கவில்லை, வளர்ப்பு இல்லத்தில் குழந்தை மீண்டும் தாக்கப்பட்டது என்பன போன்ற நிகழ்வுகளை ஆராயும் அதிகாரம் படைத்த அலுவலகங்களைச் சில மாநிலங்கள் அமைத்தன. ரோட் ஐலண்ட் 1980-இல் அமைத்தது. மிச்சிகன் 1994-இல், கனெக்டிகட் 1995-இல், ஜார்ஜியா 2000-இல் பின்தொடர்ந்தன. பெயர் மாநிலத்துக்கு மாநிலம் மாறினாலும் பணி ஏறத்தாழ ஒன்றே. இவற்றுள் பல, ஒரு குழந்தை இறந்து செய்தித்தாள்களில் பெரிதாக வெளிவந்த பிறகே பிறந்தவை. கோயில் குளத்தில் யாராவது விழுந்த பிறகுதான் வேலி போடுவது என்பது எந்த நாட்டுக்கும் பொதுவான வழக்கம் போலும்.

நியூ ஜெர்சி மாநிலத்தின் கதை இங்கே குறிப்பிடத்தக்கது. 2003 ஜனவரியில் நியூவார்க் நகரில் ஒரு வீட்டின் நிலவறையில் ஏழு வயதுச் சிறுவன் இறந்து கிடந்தான். அக்குடும்பத்தைப் பற்றி இலாகாவுக்கு ஏற்கெனவே தெரியும். மக்கள் கொதித்தெழுந்தனர். அதே ஆண்டு சிறார் சார்பாளர் அலுவலகம் அமைக்கப்பட்டது. இலாகாவைக் குறைகூறும் அறிக்கைகளை அது வெளியிட்டது. ஆனால் 2010-இல், ஆளுநர் கிறிஸ்டி காலத்தில், மாநில அரசின் செலவுக் குறைப்பு நடவடிக்கைகளுக்கிடையே அந்த அலுவலகம் மூடப்பட்டது. ஏழே ஆண்டுகள்!

அரசைக் கண்காணிக்க அரசே பணம் கொடுக்கும்போது எழும் சிக்கல் இதுதான். வேறு யாரும் கொடுக்கப் போவதில்லை. ஆகவே அரசுதான் கொடுக்க வேண்டும். ஆனால் படியளக்கும் கையை நோக்கி விரல் நீட்டுவது எளிதன்று. இதற்குச் சட்ட வல்லுநர்கள் சொல்லும் பரிகாரங்கள் சில உண்டு. பதவிக் காலத்தைச் சட்டத்தில் எழுதிவிட வேண்டும். காரணமின்றி நீக்கக் கூடாது. கண்காணிக்கப்படும் இலாகாவின் வழியாகப் பணம் வரக் கூடாது. அறிக்கை ஆளுநரிடம் மட்டுமின்றிச் சட்டமன்றத்திடமும் மக்களிடமும் செல்ல வேண்டும். இவை இருந்தும் ஓர் அலுவலகம் மூடப்படலாம். ஆனால் ஓசையில்லாமல் மூட முடியாது.

பலன் உண்டா?

பணம் போடும் அரசு பலனைக் கேட்பது நியாயமே. 2019-இல் டெக்சாஸ் மாநிலத் தரவுகளைக் கொண்டு வெளிவந்த ஓர் ஆய்வு பலரைத் திடுக்கிட வைத்தது. காசா தொண்டர் உள்ள குழந்தைகள், இல்லாத குழந்தைகளைவிடப் பெற்றோருடன் மீண்டும் சேரும் வாய்ப்பும், உறவினரின் நிரந்தரப் பாதுகாப்பில் சேரும் வாய்ப்பும் குறைவாகவே இருப்பதாக அது கண்டது. கடினமான வழக்குகளுக்கே தொண்டர்கள் நியமிக்கப்படுவதால் இப்படித் தோன்றுகிறது என்பது ஒரு விளக்கம். ஆய்வாளர்கள் அவ்வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முயன்றும் முடிவு அப்படியே இருந்தது.

இன்னொரு விளக்கமும் கூறப்படுகிறது. தொண்டர்களில் பெரும்பாலோர் வெள்ளையினத்து நடுத்தர வர்க்கப் பெண்கள். குழந்தைகளில் பலர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். கறுப்பினத்தவரின் பங்கு அவர்களின் மக்கள் தொகைக்கு மிஞ்சி இருக்கிறது. நல்ல மனத்தோடு வருபவருக்கும் அந்த வீட்டின் வறுமை, புறக்கணிப்பாகத் தோன்றிவிடலாம். மூன்று பிள்ளைகள் ஒரே பாயில் படுப்பது ஒருவருக்குக் குறை, இன்னொருவருக்குக் குடும்பம்.

ஆகவே குழந்தைக்கு நல்லது எது என்று தொண்டர் தீர்மானித்துச் சொல்வது போதாது, குழந்தை விரும்புவது என்ன என்பதை அப்படியே எடுத்துச் சொல்ல வழக்கறிஞர் வேண்டும் என்ற கருத்து வலுத்து வருகிறது. 2018-ஆம் ஆண்டின் இறுதியில் கூட்டரசு தன் கொள்கையை மாற்றி, வளர்ப்புப் பராமரிப்பு நிதியின் கீழ் தகுதி பெறும் குழந்தைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் வழக்கறிஞர் வைக்கும் செலவில் பாதியை மாநிலங்கள் திரும்பப் பெறலாம் என்றது. எது சிறந்தது என்ற விவாதம் அங்கே இன்னும் முடியவில்லை. ஆனால் விவாதம் நடக்கிறது. எண்களை வைத்து நடக்கிறது. பணம் கொடுப்பவர் கணக்குக் கேட்டதால் கிடைத்த நன்மை அது.

நம் நாட்டில்

நம் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில், சமூகநலமும் பெண்கள், சிறார் பாதுகாப்பும் கூட்டரசு, மாநிலம் இரண்டுக்கும் பொதுவான பட்டியலில் உள்ளன. 1990-இல் நம் சமூகத்தைச் சேர்ந்த இரண்டு வயதுக் குழந்தை ஒன்று கொடுமைக்கு ஆளாகி இறந்தது நாட்டையே உலுக்கியது. அடுத்த ஆண்டே சிறார் பாதுகாப்புச் சட்டம் 1991 இயற்றப்பட்டது. பின்னர் அதுவும் வேறு இரு சட்டங்களும் ஒன்றிணைக்கப்பட்டு 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் உருவாயிற்று. 2002 ஆகஸ்டு மாதம் நடைமுறைக்கு வந்தது. 2016-இல் அது திருத்தப்பட்டது.

அச்சட்டத்தில் நல்ல அம்சங்கள் பல உள்ளன. மீட்கப்பட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தின் முன் கொண்டுவர வேண்டும். சிறார் நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட்டுக்குத் துணையாக இரண்டு ஆலோசகர்கள் அமர்கிறார்கள். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். விசாரணை பொதுமக்கள் பார்வைக்கு மூடப்பட்டது. அதனால்தான் அன்று நான் நடைவழியிலேயே நிறுத்தப்பட்டேன், அது சரியே. 2019-இல் மனித உரிமை ஆணையமான சுஹாகாமில் சிறார் ஆணையர் பதவியும் உருவாக்கப்பட்டது.

ஆனால் ஒவ்வொரு பாதுகாப்பு வழக்கிலும் அக்குழந்தைக்கென்று மட்டும் ஒருவர் நியமிக்கப்பட வேண்டும் என்ற கட்டாயத்தை அந்த 2001-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கவில்லை. சட்டம் 'பாதுகாவலர்' என்று அழைக்கும் அதிகாரி குழந்தையை மீட்கிறார், விசாரிக்கிறார், பரிந்துரைக்கிறார். ஒருவரே இத்தனை தொப்பிகளையும் அணிய வேண்டியிருக்கிறது. அன்று நான் பார்த்த அதிகாரியின் கையில் அந்த ஒரு நாளுக்கே ஒரு கட்டுக் கோப்புகள் இருந்தன. அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்க முறையை அப்படியே இங்கே நட வேண்டும் என்று நான் கூறவில்லை. அது அங்கேயே முழுமையாக வேர்பிடிக்கவில்லை என்பதை மேலே கண்டோம். ஆனால் சிறாருக்கான ஒரு புதிய திட்டம் அறிவிக்கப்படும்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகளை அவர்களின் அனுபவம் நமக்குக் கற்றுத் தருகிறது. பணம் எங்கிருந்து வருகிறது, அடுத்த ஆண்டும் வருமா? சார்பாளர் யாரைக் கேள்வி கேட்க வேண்டுமோ அவரிடமே சம்பளம் வாங்குகிறாரா? பலனை யார் அளக்கிறார், அது மக்களுக்கு வெளியிடப்படுகிறதா? இவற்றோடு நான் இன்னொரு கேள்வியையும் சேர்க்க விரும்புகிறேன். குழந்தை எந்த மொழியில் கேட்கப்படுகிறது?

தமிழ்மொழிக் கழகத்தின் ஆண்டிதழில் இக்கட்டுரையை எழுதுவதற்குக் காரணமும் அதுதான். மொழியை வளர்ப்பது என்றால் கவிதைப் போட்டியும் பட்டிமன்றமும் நமக்கு நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டும். ஆனால் பயந்து போன ஒரு குழந்தைக்கு அதன் தாய்மொழியில் ஒரு கேள்வியைத் தெளிவாகக் கேட்கத் தெரிந்த ஆளும் மொழிக்குத் தேவை. தமிழ்ப்பள்ளியில் படித்து, மலாயும் ஆங்கிலமும் கற்றுப் பல்கலைக்கழகம் வந்திருக்கும் நாம் அப்பணிக்குத் தகுதியானவர்கள். நீதிமன்றச் சொற்களையும் குழந்தையிடம் பேசும் முறையையும் கற்றுத்தரும் ஒரு பயிற்சியை நம் கழகம் ஆண்டுக்கு ஒரு முறையாவது சட்டத்துறை மாணவர்களுடன் சேர்ந்து நடத்தலாம்.

அன்று என்ன நடந்தது என்று சொல்லி முடிக்கிறேன். அதிகாரி கேட்டதை நான் அந்தச் சிறுவனுக்குத் தமிழில் சொன்னேன். அவன் சிறிது நேரம் தரையைப் பார்த்தான். பிறகு, "அத்தை வீட்டுக்கு வேண்டாம் அக்கா, அப்பா அங்க வருவாரு. பாட்டி வீட்டுக்குப் போறேன்" என்றான். நான் ஓடிப்போய் அதிகாரியிடம் சொன்னேன். அவர் ஒரு கணம் நின்றார். கோப்பைத் திறந்து, எழுதியிருந்ததை அடித்துவிட்டு, அவனருகே வந்து உட்கார்ந்து என்னை மொழிபெயர்க்கச் சொல்லி முதலிலிருந்து கேட்கத் தொடங்கினார்.

அன்று நான் அங்கே இருந்தது தற்செயல். வேறு நாளில் என்னை வேறு வேலைக்கு அனுப்பியிருப்பார்கள். ஒரு குழந்தையின் பதில் தற்செயலை நம்பி இருக்கக் கூடாது. அதற்கு ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும், அந்தச் சம்பளத்துக்கு நிரந்தர வழி வேண்டும்.